எழுதாச் சொல்லும் எழுந்த போரும்

சொல்லைப் போற்றும் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், கடல் கடந்த நாடொன்றின் போர் வரலாற்றுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். இக்கட்டுரையும் சொல்லைப் பற்றியதே. ஒரு நாடு தன் அரசியலமைப்பில் எழுத நாணிய ஒரு சொல்லைப் பற்றியது. அச்சொல்லை எழுதாமல் விட்டதனால் அது குறித்த பொருள் மறைந்துவிடவில்லை என்பதைப் பற்றியது.

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக நன்னூல் வகுத்துரைக்கும். அவையில் சொல்லத் தகாததை வேறு வாய்பாட்டால் மறைத்துச் சொல்லுதல் இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலமாக்கிச் சொல்லுதல் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு பெயரிட்டு வழங்குதல் குழூஉக்குறி. இவற்றை நாகரிகத்தின் அடையாளமாகவே வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்து வருகிறேன். எனினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உள்நாட்டுப் போருக்கு முந்தைய எழுபது ஆண்டு வரலாற்றைப் படிக்கும்தோறும் ஒரு வினா எழுகின்றது. மறைத்துச் சொல்லும்போது யாருடைய நாணம் காக்கப்படுகின்றது? யாருடைய துயர் மறைக்கப்படுகின்றது?

பிலடெல்பியாவில் ஓர் இடக்கரடக்கல்

1619ஆம் ஆண்டு, வர்ஜீனியாக் குடியேற்றத்தின் பாயின்ட் கம்ஃபர்ட் என்னும் கடல்முனையில் ஆப்பிரிக்க மக்கள் ஏறத்தாழ இருபதின்மர் ஒரு கப்பலிலிருந்து இறக்கப்பட்டு, உணவுப் பொருளுக்கு ஈடாக விற்கப்பட்டனர். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் புகையிலை, நெல், அவுரித் தோட்டங்களின் வழியே அடிமை முறை வேரூன்றியது. வடக்கிலும் அடிமைகள் இருந்தனர். ஆயினும் சமுதாயம் முழுவதும் அவர்தம் உழைப்பின்மீதே நின்றது தெற்கில்தான்.

1776இல் விடுதலைப் பிரகடனம் எழுந்தது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று அதில் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர். அடிமை வாணிகத்திற்காக ஆங்கில மன்னரைக் கடிந்துரைக்கும் பகுதியொன்றையும் அவர் தம் வரைவில் சேர்த்திருந்தார். பேரவை அதனை நீக்கிவிட்டது. அந்நாட்டின் பிறப்புச் சான்றிலேயே அடித்து நீக்கப்பட்ட சில வரிகள் உள்ளன என்பது கருதத்தக்கது.

1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு வகுக்கப்பட்டது. அடிமைகளைப் பற்றிய மூன்று விதிகள் அதில் இடம்பெற்றன. பிரதிநிதிகள் அவைக்கு மக்கள்தொகை கணக்கிடும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. 1808க்கு முன்னர் வெளிநாட்டு அடிமை வாணிகத்தைத் தடை செய்தல் ஆகாது என்பது மற்றொன்று. தப்பியோடியவர் எம்மாநிலத்தில் இருப்பினும் உரியவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது மூன்றாவது. வியப்பு யாதெனில், இம்மூன்று விதிகளுள் ஒன்றிலும் ‘அடிமை’ என்னும் சொல் இல்லை. ‘ஏனைய நபர்கள்’ என்றும், ‘அத்தகைய நபர்கள்’ என்றும், ‘ஊழியத்திற்கோ உழைப்பிற்கோ கட்டுப்பட்ட நபர்’ என்றுமே அவ்வாவணம் பேசுகின்றது. மனிதரில் உடைமை உண்டு என்னும் கருத்தை அரசியலமைப்பில் ஒப்புக்கொள்ளுதல் தவறு என ஜேம்ஸ் மாடிசன் கருதியதை, அவரே எழுதி வைத்த அவைக் குறிப்புகள் காட்டுகின்றன. அவரும் ஓர் அடிமை உடைமையாளரே.

இந்த இடக்கரடக்கலால் இருதரப்பும் அன்று மனநிறைவு கொண்டன. பொருள் கிடைத்தது என்று தெற்கு மகிழ்ந்தது. சொல் இல்லை என்று வடக்கு ஆறுதல் அடைந்தது. அடிமை முறை தானே தேய்ந்து மறையும் என்னும் நம்பிக்கையும் பலருக்கு இருந்தது. பென்சில்வேனியா 1780இலேயே படிப்படியான விடுதலைச் சட்டம் இயற்றியிருந்தது. ஏனைய வட மாநிலங்களும் அவ்வழியே சென்றன. ஒஹையோ ஆற்றுக்கு வடக்கிலுள்ள நிலப்பகுதியில் அடிமை முறை கூடாது என்று 1787ஆம் ஆண்டின் சட்டமொன்று விலக்கியது. ஆனால், ஐந்தில் மூன்று என்னும் கணக்கு தெற்கிற்குப் பேராற்றல் தந்தது. வாக்குரிமை இல்லாத மக்களின் தலைகளை எண்ணி, அவர்களை ஆள்வோர் மிகுதியான இடங்களைப் பெற்றனர். முதல் ஏழு குடியரசுத் தலைவர்களுள் ஐவர் அடிமைகளை உடைமையாகக் கொண்டவர்கள். அவ்வைவரும் இருமுறை பதவி வகித்தனர்.

பஞ்சு மாற்றிய கணக்கு

அடிமை முறை தேயும் என்ற நம்பிக்கையைப் பொய்யாக்கியது ஒரு சிறு பொறி. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறியை 1793இல் எலி விட்னி அமைத்தார். உள்நாட்டு மண்ணில் விளையும் குறும்பஞ்சில் கொட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருவர் நாள் முழுவதும் கையால் பிரித்தாலும் சிறிதளவே தேறும். பொறி வந்தபின் அவ்விடர் நீங்கியது. அதே காலத்தில் இங்கிலாந்தின் நூற்பாலைகள் பஞ்சுக்குப் பசித்துக் கிடந்தன. ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா எனப் பருத்தி மேற்கு நோக்கிப் படர்ந்தது.

கருவிகள் உழைப்பைக் குறைக்கும் என்பர். இக்கருவி அடிமைகளின் உழைப்பைப் பன்மடங்காக்கியது. பிரிப்பது எளிதானபின் பயிரிடவும் களையெடுக்கவும் பறிக்கவும் மேலும் மேலும் கைகள் வேண்டியிருந்தன. 1790இல் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 40 இலட்சத்தை எட்டியது. 1790இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த பருத்தி விளைச்சல் 1860ஐ ஒட்டி 40 இலட்சம் பொதிகளானது. நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கும் மேற்பட்டது பஞ்சு ஒன்றே.

வெளிநாட்டு அடிமை வாணிகம் 1808இல் தடைசெய்யப்பட்டது. அதன் இடத்தை உள்நாட்டு வாணிகம் நிரப்பியது. வர்ஜீனியா, மேரிலாந்து முதலிய பழைய மாநிலங்களிலிருந்து ஆழ்தெற்கின் பருத்திக் காடுகளுக்கு, போருக்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பெயர்க்கப்பட்டனர். சிலர் உடையவரோடு சென்றனர். பலர் விற்கப்பட்டுச் சென்றனர். தாய் ஓரிடத்தும் மகவு வேறிடத்தும், கணவன் ஓரிடத்தும் மனைவி வேறிடத்தும் எனக் குடும்பங்கள் சிதறின. அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. எனவே பிரிவையும் சட்டம் காணவில்லை.

1860இல் அடிமைகளின் ‘சந்தை மதிப்பு’ ஏறத்தாழ 300 கோடி டாலர் எனப் பொருளியல் வரலாற்றாசிரியர் கணிப்பர். நாட்டின் இருப்புப்பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் இடப்பட்ட முதலினும் அது மிகுதி. தெற்கு ஏன் அசையவில்லை என்பதற்கு இவ்வொரு கணக்கே போதும் எனலாம். எனினும் பணம் மட்டுமே காரணமன்று. அடிமை மாநிலங்களில் இருந்த 80 இலட்சம் வெள்ளையருள் அடிமைகளை உடைமையாகக் கொண்டோர் 4 இலட்சத்திற்கும் சற்றுக் குறைவே. குடும்பக் கணக்கில் நான்கில் ஒன்று. எஞ்சிய முக்கால் பங்கினர் ஏன் அவர்கள் பின்னால் நின்றனர்? எத்துணை ஏழையாயினும் தனக்குக் கீழே ஓர் இனம் உண்டு என்னும் நினைவு வெள்ளை உழவனுக்கு ஒரு தகுதியைத் தந்தது. தெற்குக் கரோலினாவிலும் மிசிசிப்பியிலும் அடிமைகளே பெரும்பான்மையர். அவர்கள் விடுதலை பெற்றால் என்னவாகும் என்னும் அச்சமும் உடனிருந்தது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையர் மாண்டனர். அதற்குப் பழிவாங்கலாகக் கிளர்ச்சியில் தொடர்பில்லாத கறுப்பின மக்களும் கொல்லப்பட்டனர். அதன்பின் அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலைத் தடுக்கும் சட்டங்கள் தெற்கில் கடுமையாயின.

வாய்ப்பூட்டு

‘அடிமை’ என்னும் சொல்லைத் தெற்கும் நேராகச் சொல்ல விரும்பவில்லை. ‘எமக்கே உரிய ஏற்பாடு’ என்று அதற்குப் பெயரிட்டனர். நம் இலக்கணம் கூறும் குழூஉக்குறிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைத்தல் அரிது. முந்தைய தலைமுறையினர் அதனைத் தவிர்க்கவியலாத் தீமை என்றேனும் கூறினர். 1837இல் தெற்குக் கரோலினாவின் ஜான் கால்ஹூன், அது தீமையன்று, நன்மையே என்று மேலவையில் முழங்கினார். இடக்கரடக்கல் மங்கலமாக மாறிய இடம் இது.

மறுபுறம், சொல்லை அதன் முழுக் கொடுமையோடும் உரக்கச் சொல்வோர் வடக்கில் தோன்றினர். 1831ஆம் ஆண்டின் முதல் நாளில் வில்லியம் லாய்டு காரிசன் பாஸ்டன் நகரில் ‘லிபரேட்டர்’ இதழைத் தொடங்கினார். உடனடி விடுதலை, இழப்பீடு இல்லை என்பது அவர் நிலைப்பாடு. இவ்வியக்கத்தில் பெண்களின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. வாக்குரிமை அற்ற அவர்களுக்கு இருந்த ஒரே அரசியல் கருவி விண்ணப்பம். வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினர். தெற்குக் கரோலினாவின் அடிமை உடைமைக் குடும்பத்தில் பிறந்து, அதனைத் துறந்து வடக்கே வந்த சாரா கிரிம்கே, ஏஞ்சலினா கிரிம்கே என்னும் உடன்பிறந்தார் இருவரும் தாம் கண்ணால் கண்டதை மேடையேறி உரைத்தனர். 1838இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின்முன் ஏஞ்சலினா பேசினார். பெண்ணொருத்தி பொதுமேடையில் பேசலாமா என்னும் எதிர்ப்பையும் சேர்த்தே அவர் வெல்ல வேண்டியிருந்தது.

விண்ணப்பங்கள் குவிந்தபோது பிரதிநிதிகள் அவை 1836இல் ஒரு விதி செய்தது. அடிமை முறை தொடர்பான விண்ணப்பங்களைப் படிக்காமல், விவாதிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும் என்பதே அது. மக்கள் அதனை வாய்ப்பூட்டு விதி என்றனர். முன்னாள் குடியரசுத் தலைவராகிய ஜான் குவின்சி ஆடம்ஸ், முதுமையில் அவை உறுப்பினராக இருந்து எட்டாண்டு போராடி 1844இல் அதனை நீக்கச் செய்தார். இதன் விளைவைத் தெற்கின் தலைவர்கள் எதிர்பார்க்கவில்லை. கறுப்பின மக்களின் விடுதலையில் சிறிதும் அக்கறை கொள்ளாத வடநாட்டவரும், தம் விண்ணப்ப உரிமை பறிபோவதைக் கண்டு விழித்துக்கொண்டனர். 1837இல் இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் நகரில், அடிமை எதிர்ப்பு இதழாசிரியர் எலைஜா லவ்ஜாய் தம் அச்சுப்பொறியைக் காக்க முயன்றபோது கொல்லப்பட்டார். அடிமையின் வாயைக் கட்டினால் அத்துடன் நில்லாது. உரிமையுடையவன் வாயையும் கட்ட நேரும் என்பதை வடக்கு உணரத் தொடங்கியது.

அவ்வாறு கட்டப்பட்ட வாய்களுள் ஒன்று தானே திறந்தது. மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்த ஃபிரெடரிக் டக்ளஸுக்குச் சிறுவயதில் உடையவர் வீட்டு அம்மையார் எழுத்தறிவிக்கத் தொடங்கினார். எழுத்தறிந்தால் அடிமைத்தனத்திற்கு உதவான் என்று கணவர் தடுத்துவிட்டார். அத்தடையே எழுத்தின் ஆற்றலைச் சிறுவனுக்குக் கற்பித்தது. 1838இல் தப்பி வந்த அவர் 1845இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஓர் அடிமை எழுதியது இவ்வாறு இருக்குமா என்று சிலர் ஐயுற்றனராம். அடிமைக்குச் சொல் இல்லை என்று நம்பியவர்கள் வேறு எவ்வாறு ஐயுறுவர்?

புதிய நிலம், பழைய வினா

தொடக்கத்திலிருந்தே பூசலின் களம் மேற்கு நிலங்கள்தாம். ஒவ்வொரு புதிய மாநிலமும் மேலவைக்கு இரண்டு உறுப்பினரை அனுப்பும். எனவே அடிமை மாநிலங்களும் அடிமையற்ற மாநிலங்களும் எண்ணிக்கையில் சமமாக இருத்தல் வேண்டும் எனத் தெற்கு கருதியது. 1819இல் இரண்டும் பதினொன்று பதினொன்றாக நின்றபோது மிசூரி நுழைய முனைந்தது. 1820இல் உடன்பாடு ஏற்பட்டது. மிசூரி அடிமை மாநிலமாகவும் மெய்ன் அடிமையற்ற மாநிலமாகவும் சேரும். எஞ்சிய லூசியானா நிலப்பரப்பில் 36 பாகை 30 கலை கோட்டிற்கு வடக்கே அடிமை முறை கூடாது. இச்செய்தி நள்ளிரவில் ஒலிக்கும் தீ எச்சரிக்கை மணிபோல் தம்மை அச்சுறுத்தியதாக முதுமையுற்ற ஜெஃபர்சன் கடிதமொன்றில் எழுதினார்.

அம்மணி முப்பது ஆண்டுகள் அடங்கியிருந்தது. 1845இல் டெக்சாஸ் இணைக்கப்பட்டது. 1846 முதல் 1848 வரை மெக்சிகோவோடு நடந்த போரில் கலிபோர்னியா உள்ளிட்ட பெருநிலம் கைவந்தது. அந்நிலத்தில் அடிமை முறை கூடாது என்று பென்சில்வேனியாவின் டேவிட் வில்மாட் 1846இல் கொணர்ந்த தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் வென்றது; மேலவையில் தோற்றது. உறுப்பினர்கள் கட்சி வாரியாகப் பிரியாமல் வடக்கு, தெற்கு என்று பிரிந்து வாக்களித்தனர் என்பதே இங்கு முதன்மையானது. திருச்சபைகள் அதற்கு முன்னரே பிளந்திருந்தன. மெதடிஸ்ட் சபை 1844இலும் பாப்டிஸ்ட் சபை 1845இலும் வடக்கு, தெற்கு என இரண்டாயின. ஒரே வேதநூலை ஓதியவர்கள் ஒருங்கே அமர இயலாமற்போனபின், நாடு ஒன்றாக இருக்கும் என்பதற்கு என்ன பிணை?

1850இல் மீண்டும் ஓர் உடன்பாடு. கலிபோர்னியா அடிமையற்ற மாநிலமாகச் சேர்ந்தது. மேலவைச் சமநிலை குலைந்தது. ஈடாக, தப்பியோடுவோரைப் பிடிக்கும் கடுஞ்சட்டம் ஒன்றைத் தெற்கு பெற்றது. அச்சட்டத்தின்படி பிடிபட்டவருக்குச் சான்றாயர் விசாரணை இல்லை. தம் தரப்பைச் சொல்லவும் உரிமை இல்லை. தீர்ப்பளிக்கும் ஆணையர், பிடிபட்டவரை ஒப்படைத்தால் 10 டாலரும் விடுவித்தால் 5 டாலரும் கட்டணமாகப் பெறுவார். நீதியின் துலாக்கோலில் நாணயமே ஒரு தட்டில் ஏறி அமர்ந்தது. எந்தக் குடிமகனையும் வேட்டைக்கு உதவுமாறு அழைக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. 1854இல் பாஸ்டன் நகரில் அந்தோணி பர்ன்ஸ் என்பவர் படைவீரர் சூழத் துறைமுகத்திற்கு நடத்திச் செல்லப்பட்டபோது, தெருவோரக் கட்டடங்களில் கறுப்புத் துணி தொங்கியது. அதுவரை தொலைவிலிருந்த அடிமை முறை வடநாட்டவர் வாயிற்படிக்கே வந்துவிட்டது. இச்சட்டம் எழுப்பிய சீற்றத்திலேயே ஹாரியட் பீச்சர் ஸ்டோ தம் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ புதினத்தை எழுதினார். 1852இல் நூலாக வந்து, முதலாண்டிலேயே அந்நாட்டில் 3 இலட்சம் படிகள் விற்ற புதினம் அது.

1854இல் இல்லினாய் மேலவை உறுப்பினர் ஸ்டீபன் டக்ளஸ் கான்சாஸ், நெப்ராஸ்கா நிலங்களுக்கான சட்டத்தைக் கொணர்ந்தார். அடிமை முறை வேண்டுமா என்பதை அங்குக் குடியேறுவோரே முடிவு செய்யட்டும் என்றார். மக்கள் இறைமை என்று அதற்கு அழகிய பெயர் சூட்டப்பட்டது. 1820இன் கோடு அழிந்தது. ஆனால், அந்த ‘மக்கள்’ என்னும் சொல்லுள் அடங்காத மக்கள் யாவர் என்று எவரும் கேட்கவில்லை. விளைவு குருதியாயிற்று. இருதரப்பினரும் படைக்கலங்களோடு கான்சாஸில் குடியேறினர். 1856 மே 21இல் லாரன்ஸ் நகர் சூறையாடப்பட்டது. மறுநாள், அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய சார்லஸ் சம்னர் மேலவை மண்டபத்திலேயே பிரெஸ்டன் புரூக்ஸ் என்னும் தெற்குக் கரோலினா உறுப்பினரின் கைத்தடியால் நினைவிழக்கும்வரை அடிக்கப்பட்டார். அடுத்த இரு நாளில் ஜான் பிரௌன் குழுவினர் அடிமை முறை ஆதரவாளர் ஐவரை வாளால் வெட்டிக் கொன்றனர். சொல்லால் தீர்க்க வேண்டிய அவையிலேயே தடி எழுந்தபின், அவைக்கு வெளியே துப்பாக்கி எழுவதற்கு நெடுங்காலம் தேவைப்படவில்லை.

இல்லாத சொல்லுக்கு எழுந்த உரைகள்

அரசியலமைப்பில் அச்சொல் இல்லாமையை மூவகையாகப் பொருள் கொண்டனர். சொல் இல்லாவிடினும் பொருள் இருக்கிறது. ஆதலின் அவ்வாவணமே சாவோடு செய்த உடன்படிக்கை என்றார் காரிசன். 1854 ஜூலை 4இல் அதன் படியொன்றைப் பொதுமக்கள்முன் தீயிட்டார். காரிசனின் மாணவராகத் தொடங்கிய டக்ளஸ் 1851இல் அக்கருத்திலிருந்து விலகினார். எழுதப்படாத சொல்லைப் படிக்க வேண்டியதில்லை, எழுதப்பட்ட நீதியை முழுமையாகப் படிப்போம் என்பது அவர் நிலை. மூன்றாமவர் ஆபிரகாம் லிங்கன். நோயாளி ஒருவன் தன் உடற்கட்டியை மறைத்துக்கொள்வதுபோல் முன்னோர் அதனை மறைத்தனர். உடனே அறுத்தால் குருதி பெருகி இறப்போம் என்று அஞ்சினர். ஆயினும் ஒருநாள் அறுக்க வேண்டும் என்பதே அவர்தம் கருத்து என்று 1854இல் பியோரியா நகரில் விளக்கினார். ஒரு மூலத்திற்கு மூன்று உரைகள் தோன்றுதல் நமக்குப் புதிதன்று. ஆனால் இங்கு உரை வேறுபாட்டில் 40 இலட்சம் உயிர்களின் வாழ்வு தொங்கியது.

நான்காவது உரையை உச்ச நீதிமன்றம் எழுதியது. டிரெட் ஸ்காட் என்னும் அடிமை, உடையவரோடு அடிமையற்ற நிலங்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். அதனால் தாம் விடுதலை பெற்றவர் என்று 1846இல் வழக்குத் தொடுத்தார். பதினோராண்டுகளுக்குப் பின், 1857 மார்ச் 6இல் தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்புரைத்தார். கறுப்பின மக்கள் அந்நாட்டின் குடிமக்களாக இயலாது. காங்கிரஸ் எந்த ஆட்சிப் பகுதியிலும் அடிமை முறையைத் தடுக்க இயலாது. அடிமையில் உடைமையுரிமையை அரசியலமைப்பு வெளிப்படையாகவே உறுதி செய்கிறது என்பன அத்தீர்ப்பின் சாரம். 1860 பிப்ரவரியில் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மன்றத்தில் லிங்கன் இதற்கு மறுப்புரைத்தார். ‘வெளிப்படையாக’ என்கிறீர்களே, அச்சொல் எங்கே என்று கேட்பதாக அமைந்தது அவர் வாதம். பிலடெல்பியாவில் நாணத்தால் விடுபட்ட சொல், எழுபத்து மூன்றாண்டுகள் கழித்து வாதத்தின் அச்சாணியாயிற்று.

லிங்கனையும் மிகைப்படுத்துதல் கூடாது. அடிமை முறை பரவக்கூடாது என்பதே அன்றைய அவர் கொள்கை. இருக்கும் இடத்தில் அதனைத் தொட அவர் முனையவில்லை. 1858இல் டக்ளஸோடு நிகழ்த்திய ஏழு சொற்போர்களுள் ஒன்றில், இரு இனங்களின் சமூக, அரசியல் சமத்துவத்தைத் தாம் நாடவில்லை என்றும் கூறினார். ஆயினும் அவரது வெற்றியே தெற்கிற்கு முடிவின் அறிகுறியாகத் தோன்றியது. 1859 அக்டோபரில் ஜான் பிரௌன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி படைக்கலச் சாலையைத் தாக்கித் தூக்கிலேறியதும், வடக்கில் சிலர் அவரை ஈகியராகப் போற்றியதும் தெற்கின் அச்சத்தை வெறியாக்கியிருந்தன. 1860 நவம்பரில் பத்துத் தென் மாநிலங்களில் வாக்குச்சீட்டே இல்லாத நிலையில், மக்கள் வாக்கில் ஏறத்தாழ 40 விழுக்காடு பெற்று லிங்கன் வென்றார். தெற்கின் துணையின்றியே ஆட்சியமைக்க இயலும் என்பது புலனாயிற்று.

மாநில உரிமையா, அடிமை உரிமையா?

டிசம்பர் 20இல் தெற்குக் கரோலினா பிரிந்தது. 1861 பிப்ரவரி முதல் நாளுக்குள் மேலும் ஆறு மாநிலங்கள் தொடர்ந்தன. போர் முடிந்தபின், இப்பிரிவு மாநில உரிமைக்காக நிகழ்ந்தது என்றும், சுங்க வரியே காரணம் என்றும் ஒரு விளக்கம் பரப்பப்பட்டது. இன்றும் அதனைச் சொல்வோர் உளர். பிரிந்தவர்களின் ஆவணங்களே அதனை மறுக்கின்றன. தெற்குக் கரோலினாவின் அறிக்கை, தப்பியோடியவர்களை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்றே முறையிடுகின்றது. அதாவது, வட மாநிலங்கள் தம் மாநில உரிமையைப் பயன்படுத்தியதே குற்றமாயிற்று! தப்பியோடியோர் சட்டத்தைச் செல்லாது என்று விஸ்கான்சின் மாநில நீதிமன்றம் உரைத்தபோது, நடுவண் அதிகாரத்தின் பக்கம் நின்றது தெற்கே. மிசிசிப்பியின் அறிக்கை தன் நிலை அடிமை முறையோடு ஒன்றியது எனத் தொடக்கத்திலேயே கூறிவிடுகின்றது. சுங்க வரியோ 1857இல் தெற்கின் ஆதரவோடு குறைக்கப்பட்டிருந்தது. புதிய உயர்வரி வந்தது ஏழு மாநிலங்கள் விலகியபின்னரே. 1832இல் சுங்க வரிக்காகத் தெற்குக் கரோலினா தனித்து எதிர்த்தபோது உடன்வர ஒரு மாநிலமும் முன்வரவில்லை என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

1861 மார்ச்சில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைத்துக் காணலாம். பிரிவைத் தடுக்கும் இறுதி முயற்சியாகக் காங்கிரஸ் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. மாநிலங்களின் அடிமை முறையில் நடுவண் அரசு என்றும் தலையிடாது என்பதே அதன் கருத்து. அதிலும் ‘அடிமை’ இல்லை. ‘உழைப்பிற்கோ ஊழியத்திற்கோ கட்டுப்பட்ட நபர்கள்’ என்னும் பழைய வாய்பாடே இருந்தது. அதே மாதம் 11ஆம் நாள் பிரிந்த மாநிலங்கள் தமக்கென ஓர் அரசியலமைப்பை ஏற்றன. பழைய ஆவணத்தைப் பெரும்பாலும் வரிக்கு வரி பின்பற்றிய அவர்கள், ஓரிடத்தில் துணிந்து மாறுபட்டனர். ‘நீக்ரோ அடிமைகள்’ என்று வெளிப்படையாக எழுதி, அவ்வுடைமையைக் குறைக்கும் சட்டம் கூடாது என்றனர். பத்து நாள் கழித்து அவர்களின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், இன ஏற்றத்தாழ்வும் அடிமை முறையுமே தம் அரசின் மூலைக்கல் என்று சவானா நகரில் உரைத்தார். எழுபது ஆண்டு இடக்கரடக்கல் அன்றோடு முடிந்தது. ஏப்ரல் 12இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்டர் கோட்டைமீது பீரங்கி முழங்கியது. வர்ஜீனியா முதலிய மேலும் நான்கு மாநிலங்கள் பிரிந்து சென்றன.

நிறைவாக

அடுத்த மாதமே ஒரு நிகழ்ச்சி. 1619இல் முதல் ஆப்பிரிக்கர் இறக்கப்பட்ட அதே பாயின்ட் கம்ஃபர்ட் முனையில் மன்றோ கோட்டை நின்றது. அது நடுவண் அரசின் வசம் இருந்தது. 1861 மே 23 இரவு, பிரிவினைப் படைக்கு அரண் கட்டுமாறு ஏவப்பட்ட அடிமைகள் மூவர் அக்கோட்டைக்குத் தப்பி வந்து அடைக்கலம் கேட்டனர். படைத்தலைவர் பெஞ்சமின் பட்லர் அவர்களைத் திருப்பித்தர மறுத்தார். பகைவரின் போர்ப்பொருள் என்ற முறையில் கைப்பற்றியதாகக் கூறினார். அடைக்கலம் கிடைத்தது, சொல் மட்டும் அவர்களைப் பொருளாகவே வைத்திருந்தது. எனினும் அவர்களைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். எந்தச் சட்டமும் விடுவிக்காத காலத்தில் தம் கால்களாலேயே விடுதலையை எழுதிய மக்கள் அவர்கள். 1863 சனவரி முதல் நாள் விடுதலைப் பிரகடனம் வந்தது. ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் கறுப்பின வீரர் வடபடையில் பொருதனர்.

அப்போரின் அதிர்வு நம் கரிசல் மண்ணையும் எட்டியது. அமெரிக்கப் பஞ்சு தடைப்பட்டபோது இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. தூத்துக்குடி வழியே சென்ற திருநெல்வேலிப் பருத்தியின் விலை ஏறியது; போர் ஓய்ந்ததும் சரிந்தது. மராட்டியத்தின் ஜோதிராவ் ஃபுலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். விலையை மட்டும் கண்டவர் பலர் இருந்த காலத்தில், அப்போரில் தம் மக்களின் முகத்தையும் கண்டவர் அவர்.

போரில் மாண்டோர் 6 இலட்சத்து 20 ஆயிரம் என நெடுங்காலம் கூறினர். பின்னைய ஆய்வுகள் அத்தொகையை 7 இலட்சமளவுக்கு உயர்த்துகின்றன. 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியது. அமெரிக்க அரசியலமைப்பில் அடிமைத்தனம் என்னும் சொல் முதன்முதலாக எழுதப்பட்டது அத்திருத்தத்தில்தான். ஒழிப்பதற்காகவே அது எழுதப்பட்டது. குற்றத்திற்கான தண்டனை நீங்கலாக என்றொரு விலக்கையும் அதே தொடர் தாங்கி நின்றது. அவ்விலக்கின் வழியே, சிறைப்பட்ட கறுப்பின மக்கள் மீண்டும் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்ட வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

உடன்பாடுகள் தோற்றதனால் போர் வந்தது என்பர். உடன்பாடுகள் வென்ற ஒவ்வொரு முறையும் அவற்றின் விலையைக் கொடுத்தவர் உடன்படும் மன்றத்தில் இடமில்லாதவர் என்பதே என் கருத்து. 1787, 1820, 1850 என ஒவ்வோர் உடன்பாடும் இரு தரப்பை ஆற்றுப்படுத்தியது; மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு என்பதையே மறைத்தது. சொல்லைக் காப்பவர்களாகிய நாம் இதிலிருந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவையின் நாணத்தைக் காக்க ஒரு சொல்லை மறைக்கும்போது, அச்சொல்லின் உள்ளே யாரேனும் பூட்டப்பட்டிருக்கின்றனரா என்று பார்த்துவிட்டு மறைப்போமாக. இனி இடக்கரடக்கலை வகுப்பில் நடத்தும் நாளில், நூற்பாவிற்கு உரை சொல்லி முடித்ததும் இவ்வினாவையும் மாணவர் முன் வைப்பதென்று கருதியுள்ளேன்.